கோழி எத்தனை என்று கேட்கக் கூடாது

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போனால் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். பெண்ணுக்கு ஏன் இன்னும் வரன் அமையவில்லை என்று கேட்கலாம். மருமகள் ஏன் அம்மா வீட்டிலேயே இருக்கிறாள் என்று காபி டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டே கேட்கலாம். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பண்ணையில் கோழி எத்தனை என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டாலும் பதில் வரும், மரியாதைக்கு இங்கே குறைவில்லை. "என்னமோ ஓடுதுங்க, ரெண்டு செட்டு இருக்குது, ரெண்டும் நட்டந்தானுங்க" என்பார்கள். கேட்டவர் விவரம் தெரிந்தவராக இருந்தால் அந்த எண்ணிக்கையை மனசுக்குள் இரண்டால் பெருக்கிக்கொள்வார். நட்டத்தை அப்படியே விட்டுவிடுவார். "ஆமாங்க, யாருக்குத்தான் இப்ப நல்லாருக்குது" என்று சொல்லிவிட்டு எழுந்து போவார்.

கல்யாணமாகி இந்தப் பண்ணைக்கு வந்த புதிதில் எனக்கு இது தெரியாது. நான் சேலம் சூரமங்கலத்தில் பிறந்தவள். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தார். எங்கள் தெருவில் எல்லாருடைய சம்பளமும் எல்லாருக்கும் தெரியும். யாருக்கு எப்போது பதவி உயர்வு, பிடித்தம் போக யார் கைக்கு எவ்வளவு வருகிறது என்பதெல்லாம் குழாயடியிலேயே பேசப்படும். ஒளித்துவைக்க எங்களிடம் ஒன்றும் இல்லை. அந்தப் பழக்கத்தில், பண்ணையைப் பார்க்க வந்த ஓர் உறவுக்காரர் கேட்டபோது கோழி இத்தனை என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, கணக்கில் ஏதோ பிழை சொல்லிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். சாயங்காலமே வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். அப்படியும் அந்த வருடம் நோய் வந்து ஒரு செட்டு, அதாவது ஒரு கொட்டகைக் கோழி, முழுக்கக் காலியானது. நோய் கிருமியால் வருகிறது என்று படித்தவள்தான் நான். ஆனாலும் அன்றிலிருந்து அந்த எண்ணை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஒரே ஒரு தடவை தவிர. இங்கேயும் எழுதப்போவதில்லை. படிக்கிற நீங்களும் வெளியாள்தானே.

அந்த ஒரு தடவையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் பண்ணை மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில், மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவில் இருக்கிறது. சாலையை ஒட்டி இரண்டு செட்டுகள். அவற்றுக்குப் பின்னால் ஒரு காடு தாண்டினால் இன்னும் செட்டுகள். முன்னால் இருப்பவை எங்களுடையவை. பின்னால் இருப்பவை பங்காளியுடையவை என்பது வெளியாட்களுக்கு என் வீட்டுக்காரர் சொல்கிற கணக்கு. அப்படி ஒரு பங்காளி கிடையாது. மற்றபடி என் வீட்டுக்காரர் யாரையும் ஏமாற்றத் தெரியாதவர். லாரிக்காரன் சொல்வதை நம்புவார், மருந்துக் கம்பெனிக்காரன் சொல்வதை நம்புவார், டிவியில் ஜோசியர் சொல்வதையும் நம்புவார். நம்புவதற்கு ஓர் ஆள் இருந்தால் சந்தேகப்படுவதற்கும் ஓர் ஆள் வேண்டும் அல்லவா? அந்த வேலை எனக்கு வந்து சேர்ந்தது. இன்றுவரை நன்றாகத்தான் பார்த்து வருகிறேன்.

பக்கத்துத் தீவில் பெட்ரோலுக்கும் கேஸுக்கும் ஜனங்கள் ராப்பகலாக வரிசையில் நின்றதை டிவியில் பார்த்தோமே, அதற்கு அடுத்த வருடம். முட்டைகூடக் கிடைக்கவில்லையாம், இங்கிருந்து வாங்கப்போகிறார்களாம் என்று பேச்சு வந்தது. கப்பலில் வெளிநாட்டுக்கு முட்டை போவது எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. ஆனால் அந்தத் தீவு வாங்குகிறது என்றதும் எனக்குள் ஏதோ இடித்தது.

நான் கல்லூரியில் பொருளாதாரம் படித்தவள். எங்கள் பாடப்புத்தகத்தில் ஒரு அட்டவணை இருந்தது. ஒரு பக்கம் நாம், மறு பக்கம் அவர்கள். எழுத்தறிவில் அவர்கள் மேலே, பிள்ளைகள் பிழைத்து வளர்வதில் அவர்கள் மேலே, ஆயுசில் மேலே, ஆள் ஒன்றுக்கு வருமானத்திலும் மேலே. சின்ன நாடு எப்படி நடக்கிறது பாருங்கள் என்று எங்கள் ஆசிரியை சொல்லும்போது, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மார்க்கைச் சொல்லி என்னைத் திட்டுவதுபோல இருக்கும். அத்தனையிலும் முன்னால் நின்ற நாடு இன்று முட்டைக்கு எங்கள் வாசலில் வந்து நிற்கிறது என்றால் அந்த அட்டவணையை என்ன செய்வது? கடன் வாங்கிக் கெட்டார்கள், உரத்தை நிறுத்திக் கெட்டார்கள், சுற்றுலா வருமானம் போய்க் கெட்டார்கள் என்று பேப்பரில் ஆளுக்கு ஒரு காரணம் எழுதினார்கள். எனக்கு அட்டவணை மேலேயே சந்தேகம் வந்தது.

காரணம் இல்லாமல் இல்லை. ஆடு மாடு கோழி கணக்கெடுக்க அரசாங்கத்திலிருந்து ஒருவர் வருவார். என் வீட்டுக்காரர் அவருக்கு மோர் கொடுத்து, விசிறி விட்டு, வழக்கமான பதிலைச் சொல்லி அனுப்புவார். பின்னால் இருக்கும் செட்டுகளுக்கு அந்த இல்லாத பங்காளி பொறுப்பு. பங்காளியைத் தேடி அவர் போனால் ஊரில் இல்லை என்று யாராவது சொல்வார்கள். ஆகவே தேசத்தின் கோழிக் கணக்கில் எங்கள் கோழிகளில் பாதி இல்லை. ஒவ்வொரு பண்ணையிலும் இப்படி ஒரு பங்காளி இருப்பார் என்றால், நம் நாட்டைப் பற்றிப் போடுகிற அட்டவணைக்கு என்ன அர்த்தம்? அந்தப் பக்கத்து அட்டவணை எப்படித் தயாரானது என்று யாருக்குத் தெரியும்? இதை நான் சொன்னால் என் வீட்டுக்காரர் சிரிப்பார். நீ படிச்ச படிப்புக்கு உன்னை டெல்லிக்கே அனுப்பி இருக்கணும் என்பார்.

தீவுக்கு முட்டை வாங்கும் கம்பெனியிலிருந்து ஆள் வந்தது நல்ல கோடையில். செட்டுக் கூரை மேல் தண்ணீர் தெளிப்பான் ஓடியும் கோழிகள் வாயைத் திறந்துகொண்டு மூச்சு வாங்கிய நாட்கள். வந்தவருக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். ஒல்லி உடம்பு, இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, கையில் ஒரு சின்னத் தராசும் டார்ச்சும். முட்டையின் எடை, ஓட்டுக் கீறல், அழுக்கு எல்லாம் பார்த்துத் தேர்ந்தெடுத்து, கன்டெய்னரில் ஏற்றும்வரை கூட இருப்பது அவர் வேலை. திருச்செங்கோட்டில் லாட்ஜ் எடுத்துத் தங்கி, காலையில் முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். பேசியது தமிழ்தான். ஆனால் நாங்கள் பேசும் தமிழ் இல்லை. எங்களை அண்ணை, அக்கா என்று கூப்பிட்டார்.

முதல் நாளே என் வீட்டுக்காரர் அவரிடம் மயங்கிவிட்டார். அங்கே நிலைமை எப்படி என்று கேட்டதற்கெல்லாம் அவர் ஒரே பதில்தான் சொன்னார். அரிசி? பிரச்சினை இல்லை அண்ணை. கரண்ட்? பிரச்சினை இல்லை. பெட்ரோல்? அது இப்ப பிரச்சினை இல்லை. எங்களிடம் யாராவது இப்படிக் கேட்டால், அரிசி விலையில் ஆரம்பித்து மக்காச்சோள விலை, டீசல் விலை, ஆள் கூலி என்று ஒவ்வொன்றாக அழுது முடிக்கப் பொழுது சாய்ந்துவிடும். வாசலில் புதுக் கார் நிற்க, நாங்கள் நட்டம் என்கிறோம். நாடே திவாலாகி, உலகமே பார்த்துச் சிரித்த ஊரிலிருந்து வந்தவர் பிரச்சினை இல்லை என்கிறார். இரண்டில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டுமே பொய்.

விஷயம் இத்துடன் நின்றிருந்தால் நானும் மோர் கொடுத்து அனுப்பியிருப்பேன். வாரம் ஒரு கன்டெய்னர், எல்லா முட்டையும் ஒரே பண்ணையிலிருந்து வர வேண்டும் என்பது கம்பெனியின் நிபந்தனை. அதற்காக அவர் கோழி எத்தனை என்று கேட்டார். தொழில் முறையில் கேட்டார், கேட்டுத்தானே ஆக வேண்டும். என் வீட்டுக்காரர் வாய் பழக்கத்தில் பாதியைச் சொன்னார். அவர் கொஞ்ச நேரம் மனக்கணக்குப் போட்டுவிட்டு, அப்படியென்றால் வாரம் ஒரு கன்டெய்னருக்குப் பற்றாதே என்றார். உண்மையில் பின்னால் இருக்கும் செட்டுகளைச் சேர்த்தால் பற்றும், மிச்சமும் இருக்கும். அதைச் சொல்லி இருக்கலாம். எங்கள் ஊர் ஆண்பிள்ளை எவராவது, ஐயா நான் சொன்னது பொய், எனக்கு இதைப்போல் இன்னொரு பங்கு இருக்கிறது என்று ஒரு வெளியாளிடம் சொல்வாரா? என் வீட்டுக்காரர் சொன்னது இது:

"அதுக்கென்னங்க தம்பி. இன்னொரு செட்டு போட்டுட்டாப் போச்சு."

இருக்கிற கோழியை இருக்கிறது என்று சொல்வதைவிட, கடன் வாங்கிப் புதிதாகச் செட்டு கட்டுவது அவருக்குச் சுலபமாக இருந்தது. இதை அவர் தப்பென்று நினைக்கவில்லை. பக்கத்துப் பண்ணைக்காரரும் கட்டப்போகிறாராம், தீவுக்கு முட்டை இனிமேல் பல வருடம் போகுமாம், கம்பெனிக்காரர்கள் போனில் சொன்னார்களாம். பண்ணை நிலம் ஏற்கெனவே பேங்கில் இருக்கிறது. அடமானம் வைக்க மிச்சம் இருந்தது ஒன்றுதான். சூரமங்கலத்தில் என் அப்பா கட்டி என் பெயருக்கு எழுதிவைத்த வீடு.

பெரிய வீடில்லை. ரயில் போனால் ஜன்னல் கம்பி அதிரும். இப்போது ஒரு ரயில்வே குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. ஆனால் உலகத்தில் என் கையெழுத்து இல்லாமல் எதுவும் செய்ய முடியாத இடம் என்று எனக்கு இருப்பது அது ஒன்றுதான். அப்பா அதை ஏன் என் பெயரில் எழுதினார் என்று எனக்குத் தெரியும். அவரும் யாரையும் நம்பாதவர்தான்.

அன்று ராத்திரியே என் வீட்டுக்காரர் விஷயத்தை எடுத்தார். அவருக்கு வேறு வழி தெரியவில்லை. வாரக்கடைசியில் பேங்குக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது, அந்தத் தம்பியையே கேட்டுப் பார் என்றார். மறுநாள் காலையில் அவரே என் முன்னால் கேட்டார், நாளைக்கும் வாங்குவீர்கள்தானே, இரண்டு மூன்று வருடம் போகும்தானே என்று. அந்த ஆள் தலையை முட்டை அட்டையிலிருந்து தூக்கவில்லை. பிரச்சினை இல்லை அண்ணை என்றார். என் வீடு அந்த இரண்டு வார்த்தை மேல் நிற்கப்போகிறது என்று அவருக்குத் தெரியாது.

அன்றிலிருந்து நான் அந்த ஆளைக் கவனிக்க ஆரம்பித்தேன். ஆழம் தெரியாமல் காலை விடுவதா? நான் கண்ணால் பார்க்காமல் எதையும் முடிவு செய்வதில்லை.

பார்க்கப் பார்க்கச் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. முட்டை வாங்க வந்தவர் முட்டையைப் பார்க்கிற நேரத்தைவிடத் தீவனத்தைப் பார்க்கிற நேரம் அதிகமாக இருந்தது. தீவன மில்லுக்குப் போய் நின்றுகொண்டு, மக்காச்சோளத்தைக் கை நிறைய அள்ளி விரலிடுக்கில் ஒழுகவிட்டு, மூக்கருகில் வைத்து மோந்து பார்த்தார். சோயா எங்கிருந்து வருகிறது, தடுப்பூசி எந்த வயதில், லைட்டை எத்தனை மணிக்கு அணைக்கிறீர்கள் என்று வேலையாட்களிடம் கேட்டாராம். வேலையாட்கள் பீகார்க்காரர்கள். அவர்களோடு இவர் எந்தப் பாஷையில் பேசினார் என்பதே எனக்குப் புரியவில்லை. ஒரு கோழி கழுத்தைத் தொங்கப்போட்டு நின்றது. எங்கள் ஆட்கள் கவனிப்பதற்கு முன்னால் கூண்டைத் திறந்து, அதைக் கையில் எடுத்து, கொண்டையைத் தடவிப் பார்த்து, நிழலில் கொண்டுபோய் விட்டார். கோழியைப் பிடிக்கத் தெரியாதவனுக்கு அந்தப் பிடி வராது.

வேவு பார்க்க வந்திருக்கிறார் என்று முடிவு செய்தேன். ஏதோ பெரிய கம்பெனி, எங்கள் தொழிலை அப்படியே படித்துக்கொண்டு போய் அங்கே போடப்போகிறது. இல்லாவிட்டால் விலையை அடித்துப் பிடிக்க எங்கள் செலவைக் கணக்குப் போடுகிறார்கள். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். உனக்கு உன் நிழல் பின்னால் வந்தாலும் சந்தேகம் என்றார்.

மத்தியானம் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். முட்டைக் குழம்பு வைத்திருந்தேன். சோறு, பொரியல், ரசம் எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில் முட்டையை எடுத்து மெதுவாகச் சாப்பிட்டார். இன்னொன்று வைக்கப் போனபோது தட்டின்மேல் கையை விரித்து மூடிக்கொண்டார். உடைந்த முட்டைகளை என்ன செய்வீர்கள் என்று கேட்டார். பேக்கரிக்குப் போகும், வேலையாட்கள் எடுத்துக்கொள்வார்கள், போக மிச்சத்தைக் கொட்டுவோம் என்றேன். கொட்டுவோம் என்றதும் அவர் முகம் ஒருமாதிரி ஆனது. தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டார். என் சமையல் பிடிக்கவில்லை என்று முதலில் கோபம்தான் வந்தது.

கையெழுத்துக்கு முந்தின நாள் என் வீட்டுக்காரர் பேங்குக்கு வேண்டியதைத் தயார் செய்யத் திருச்செங்கோடு போயிருந்தார். நான் டீயை எடுத்துக்கொண்டு முட்டை ரூமுக்குப் போனால் ஆளைக் காணவில்லை. தராசும் டார்ச்சும் மேஜை மேல் இருந்தன. வெளியே வந்து பார்த்தேன். மக்காச்சோளக் காட்டுக்கு நடுவில், பின்னால் இருக்கும் செட்டுகளுக்குப் போகிற வண்டித்தடத்தில், அந்த வெள்ளைச் சட்டை போய்க்கொண்டிருந்தது.

டம்ளரை அங்கேயே வைத்துவிட்டு நானும் நடந்தேன். பயமா கோபமா என்று அப்போது பிரித்துப் பார்க்க முடியவில்லை, இப்போது நினைத்தால் கோபம்தான். கையும் களவுமாகப் பிடிக்கிறேன் பார் என்று போனேன். அவர் ஒளியவில்லை. பின்னால் இருக்கும் முதல் செட்டின் வாசலில் நின்று, உள்ளே கூண்டு வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க யாருங்க? நெசத்தைச் சொல்லுங்க" என்றேன்.

அவர் திரும்பினார். திடுக்கிடவில்லை. என்னைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை.

"இந்தச் செட்டுகளும் உங்கடதானே அக்கா" என்றார்.

அவரே சொன்னார். முதல் நாளே தெரியுமாம். உங்கள் மில் காலையிலிருந்து மத்தியானம்வரை ஓடுகிறது, முன்னால் இருக்கும் இரண்டு செட்டுக் கோழிகள் அவ்வளவு தின்னுமா, மிச்சத் தீவனம் இந்தத் தடத்தில்தானே போகிறது என்றார். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கோழி எண்ணிக்கையிலேயே மறைக்கிற ஆட்கள் வேறு எதையெல்லாம் மறைப்பார்களோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன் என்றார். நான் அவரைச் சந்தேகப்பட்ட அத்தனை நாளும் அவர் எங்களைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டே. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது. நான் இப்போது அந்த எண்ணைச் சொன்னால் புதுச் செட்டு வேண்டாம். செட்டு வேண்டாம் என்றால் கையெழுத்து வேண்டாம். அப்பா கட்டிய வீடு பிழைக்கும். ஆனால் வாயைத் திறந்தால் காலியான அந்தச் செட்டு கண்ணில் நிற்கிறது. உள்ளே கோழிகள் சத்தம். நூறு பேர் ஒரே சமயத்தில் முணுமுணுப்பதுபோல ஒரு சத்தம், கேட்டுப் பழகியவர்களுக்குத் தெரியும். நோய் வந்த வருடம் அந்தச் சத்தம் எப்படிக் குறைந்து குறைந்து நின்றது என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் சொன்னதால் வந்ததில்லை அது. எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

சொன்னேன். மொத்தம் இத்தனை என்று, முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று பிரித்தே சொன்னேன். கண்பட்டுவிடக் கூடாதே என்று கட்டைவிரலைக் கைக்குள் மடக்கிக்கொண்டுதான் சொன்னேன்.

அவர் தலையை ஆட்டினார். பிறகு, அண்ணை இன்னொரு செட்டு போடப்போவது நிஜம்தானா, அதற்குக் காசு எங்கிருந்து என்று கேட்டார். என் வீட்டை வைத்து என்று சொன்னேன். அவர் செட்டுக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார்.

"போடாதேங்கோ அக்கா" என்றார்.

அவருக்கும் ஒரு பண்ணை இருந்ததாம். வவுனியாவுக்கு வெளியே, அவரே கல்லடுக்கிக் கட்டியது. டாலர் இல்லை என்று தீவனச் சோளம் வருவது நின்றது. வந்த கொஞ்சமும் வாங்கமுடியாத விலைக்குப் போனது. முட்டை போட்டுக்கொண்டிருந்த கோழிகளை இறைச்சிக்கு விற்றாராம். வண்டியில் ஏற்றும்போதுகூடக் கூண்டுக்குள் முட்டை போட்டன என்றார். அதைச் சொல்லும்போதுதான் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. இப்போது கம்பெனியில் சம்பளத்துக்கு வந்து, எங்கள் முட்டையைத் தேர்ந்தெடுத்து அவர் நாட்டுக்கு அனுப்புகிறார். அந்தச் சம்பளத்தில் தீவனம் வாங்கிக் குஞ்சு விட்டிருக்கிறார். மனைவி பார்த்துக்கொள்கிறார். தீவன மில்லில் அவர் மோந்து பார்த்தது வேவு இல்லை, ஏக்கம்.

"நான் மட்டுமில்லை, எல்லாரும் குஞ்சு விடீனம். அதுகள் முட்டை போடத் தொடங்கினா உங்கட முட்டையை நிப்பாட்டுவினம். நிப்பாட்டத்தான் வேணும் அக்கா, இல்லாட்டி நாங்கள் எழும்ப ஏலாது. அதுவரைக்குந்தான் இந்த வியாபாரம். நான் சொன்னனெண்டு கம்பெனிக்குத் தெரிஞ்சா என்ர வேலை போயிடும்."

அப்படியென்றால் ஏன் எங்களிடம் பிரச்சினை இல்லை, பிரச்சினை இல்லை என்றே சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் யோசித்துத்தான் சொன்னார். அரிசி இல்லை, பெட்ரோல் இல்லை என்று சொன்னால் கேட்கிறவன் பாவம் என்று பார்ப்பான், அந்தப் பார்வையைவிட இந்தப் பொய் லேசு.

"நீங்கள் நட்டம் நட்டமெண்டு சொல்லிக்கொண்டு கட்டுறீங்கள். நாங்கள் பிரச்சினை இல்லையெண்டு சொல்லிக்கொண்டு கோழியை வித்தம். அவ்வளவுதான் அக்கா வித்தியாசம்."

இரண்டு நாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்ட எத்தனையோ அட்டவணையைப் படித்திருக்கிறேன். இதை எவரும் எழுதவில்லை.

வேலை போய்விடும் என்று தெரிந்தும் ஒருவன் சொல்கிற பேச்சைச் சந்தேகப்பட எனக்கும் வராது. சந்தேகப்படுவதே தொழிலாக இருப்பவர்களுக்கு உண்மை வந்தால் அடையாளம் தெரியும். என் வீட்டுக்காரருக்குத் தெரியவில்லை. சாயங்காலம் அவர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் அவர் காதில் விழுந்தது எண்ணிக்கையைச் சொன்னது மட்டும்தான்.

"எல்லாத்தையும் சேத்தியா சொன்ன?" என்றார்.

ஆமாம் என்றேன். போய் ஒரு பூசணிக்காயைக் கொண்டுவந்து வாசலில் உடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகுதான் மற்றதைக் கேட்டார். கேட்டுவிட்டு, அவன் விலையைக் குறைக்க அப்படிச் சொல்லி இருப்பான் என்றார். ஊரில் அத்தனை பேரையும் நம்பிய மனுஷன், நம்ப வேண்டிய அந்த ஒரு பேச்சை நம்பவில்லை. விலையைக் குறைக்க நினைக்கிறவன் உங்கள் முன்னால் சொல்லி இருப்பானே, யாரும் இல்லாத இடத்தில் என்னிடம் எதற்குச் சொல்கிறான் என்று கேட்டேன். நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். போடாதே என்றார். அன்றிலிருந்து கொஞ்ச நாளைக்கு வீட்டில் உப்பு வேண்டும், தண்ணீர் வேண்டும் என்ற அளவில்தான் பேச்சு இருந்தது.

கன்டெய்னர் போனது. பின்னால் இருக்கும் செட்டுகளின் முட்டையையும் சேர்த்து, எந்தத் தட்டுப்பாடும் இல்லாமல் வாராவாரம் போனது. எப்படி என்று கம்பெனி கேட்கவில்லை, அந்தத் தம்பி ஏதோ சொல்லிச் சமாளித்திருக்க வேண்டும். கோழிகளுக்கு ஒன்றும் வரவில்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் செட்டு வாசலில் நின்று சத்தம் குறைந்திருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டேன். இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னதில்லை.

பிறகு வாராவாரம் என்பது எப்போதாவது ஒன்று என்றானது, அதன் பின் நின்றே போனது. அவர்கள் ஊர் கோழி முட்டை போட ஆரம்பித்துவிட்டது என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். பக்கத்துப் பண்ணைக்காரர் கடன் வாங்கிக் கட்டிய புதுச் செட்டில் இன்னும் கூண்டுகூட மாட்டவில்லை, காய்ந்த மக்காச்சோளத் தட்டு அடுக்கி வைத்திருக்கிறார். அதைத் தாண்டிப் போகும்போது என் வீட்டுக்காரர் வண்டியைக் கொஞ்சம் வேகமாக ஓட்டுவார். நானும் எதுவும் சொல்வதில்லை. ஒருநாள் அவராகவே, சூரமங்கலத்து வீட்டுக்கு இந்த வருசம் சுண்ணாம்பு அடிச்சரலாமா என்று கேட்டார். அடிக்கலாம் என்றேன்.

அந்தத் தம்பியைப் பற்றி நினைக்காத நாளில்லை என்று சொன்னால் அது பொய். அவ்வப்போது நினைப்பேன். தீவைப் பற்றி பேப்பரில் வரும் ஒவ்வொரு செய்தியையும் படிப்பேன். வளர்ச்சி திரும்புகிறது என்று ஒருநாள் எழுதுவார்கள், இன்னும் ஆபத்து நீங்கவில்லை என்று மறுநாள் எழுதுவார்கள். எதை நம்புவது? எழுதுகிறவர்கள் யாரிடம் கேட்டு எழுதுகிறார்கள், கேட்டால் அங்கே யார் உள்ளதைச் சொல்வார்கள்?

போன மாதம் ஒரு வெளிநாட்டு நம்பரிலிருந்து வாட்ஸ்அப்பில் கால் வந்தது. முதலில் எடுக்கவில்லை, இப்போதெல்லாம் எந்த நம்பரிலிருந்து எந்தத் திருடன் பேசுவான் என்று சொல்ல முடியாது. திரும்பத் திரும்ப அடித்ததால் எடுத்தேன். அக்கா என்ற ஒரு சொல்லிலேயே ஆளைத் தெரிந்துவிட்டது. கம்பெனி வேலையை விட்டுவிட்டாராம். பண்ணையைத் தானே பார்த்துக்கொள்கிறாராம். குரலுக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். நிறைந்த செட்டுக்குள் நின்றுகொண்டுதான் பேசுகிறார் என்று தெரிந்தது. அவர் சொல்வதற்கு முன்னாலேயே எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

கேட்கக் கூடாதுதான். கேட்டுவிட்டேன். "இப்பக் கோழி எத்தனைங்க தம்பி?"

பின்னால் கோழிகள் விடாமல் முணுமுணுத்துக்கொண்டிருந்தன.

"கொஞ்சந்தான் அக்கா, பெரிசா ஒண்டுமில்லை" என்றார். "தீவனம் விக்கிற விலைக்கு எல்லாம் நட்டந்தான்."

மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். அவர் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட நான் நம்பவில்லை. ஆமாங்க தம்பி, யாருக்குத்தான் இப்ப நல்லாருக்குது என்று சொல்லிவிட்டு, போனை வைத்துவிட்டு, நெடுநாளைக்குப் பிறகு மனசு நிறைந்து சிரித்தேன்.